எதிர்வீட்டு ஆட்சேபணை

“காபி ஆறிப்போகுது. எடுத்துக்குங்க,” என்றார் ஃபவாஸ்.

யாரும் எடுக்கவில்லை. மகள் ஹனீன் போட்டு அனுப்பிய ஏலக்காய் மணக்கும் காபியை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு, வந்த ஐந்து பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் சலீபா, பாதிரியார், உறவுக்காரர் இருவர், கடைசி நாற்காலியில் ஜிரியெஸ்.

மாதபா ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான். கோரிக்கையோடு வந்திருக்கிறோம், சரி என்றால்தான் குடிப்போம். வந்தவர்கள் குடிக்காமல் எழுந்து போய்விட்டால், வீட்டுக்காரர் அப்புறம் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ‘தந்தேன், குடிங்க’ என்று சொல்லிவிட்டாலோ, வானமே இடிந்து விழுந்தாலும் பேச்சை மாற்ற முடியாது.

என்ன கோரிக்கை என்று ஃபவாஸுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஜிரியெஸின் மதுக்கடை இருந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அவன் ஃபவாஸ் வீட்டுக்கு நேர் எதிரே ஓர் இடத்தைப் பிடித்தான். பள்ளிவாசல் எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று அதிகாரிகள் நாடா பிடித்து அளந்து பார்த்துத் தலையாட்டினார்கள். அக்கம்பக்கத்தாரும் சரி என்றார்கள். ஃபவாஸ் ஒருவர்தான் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார். உரிமம் அதோடு நின்றது. பூட்டிய கடைக்கு வாடகை மட்டும் நிற்கவில்லை.

ஃபவாஸ் பொல்லாதவர் இல்லை. ஜிரியெஸ் போகும் தேவாலயத்துக்குத்தான் அவரும் போகிறார், மதமும் காரணமில்லை. அவருடைய தம்பி குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவன். காலையில் ஜன்னலைத் திறந்ததும் பாட்டில்களின் முகத்தில் விழிக்க அவரால் முடியாது. இதை வெளியே சொல்லவும் அவருக்கு வாய் வராது. அதனால் ஊரார் அவரைப் பிடிவாதக்காரர் என்று சொன்னார்கள்.

சலீபா தொண்டையைச் செருமிவிட்டு, ஊர் வழக்கப்படி ஃபவாஸை அவருடைய மூத்த மகன் பெயரைச் சேர்த்து அழைத்தார். “அபூ நாயிஃப், நாங்க வந்தது...”

“தெரியும். கொஞ்சம் பொறுங்க.” ஃபவாஸ் கைகாட்டி நிறுத்திவிட்டு ஜிரியெஸ் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, அந்தத் தொழில்ல அப்படி என்னதான் கொட்டுது?”

ஜிரியெஸ் முதலில் தயங்கினான். பிறகு மனசில் இருந்ததையெல்லாம் இறக்கி வைத்துவிட்டான். வருஷா வருஷம் உரிமக் கட்டணம். அதற்கு மேல் வங்கியில் முடக்கி வைக்க வேண்டிய பிணைப் பணம். வரி ஏறினால் விலை ஏறும், விலை ஏறினால் வாடிக்கையாளர் குறைவார். ரமலான் மாதம் முழுக்கக் கதவைச் சாத்தியாக வேண்டும். வாடகை மட்டும் நோன்பு இருக்காது. சுற்றுலாப் பேருந்துகளில் வருகிறவர்கள் தேவாலயத்தைப் படம் பிடித்துக்கொண்டு, ஓட்டலுக்குப் போய்க் குடித்துக்கொள்கிறார்கள். சோதனைக்கு வருகிற அதிகாரிக்கு ஒரு தடவை பெயர்ப்பலகை பெரிசாகத் தெரியும், அடுத்த தடவை சின்னதாகத் தெரியும்.

“எல்லாம் போக எனக்கு மிஞ்சுறது கெட்ட பேரு ஒண்ணுதான். அதுக்கு மட்டும்தான் இன்னும் வரி போடல,” என்றான்.

பாதிரியாரே சிரித்துவிட்டார். ஃபவாஸுக்கும் சிரிப்பு வந்தது. மீசையைத் தடவி மறைத்துக்கொண்டார்.

“அப்புறம் எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழுற?”

“அப்பா விட்டுட்டுப் போனதுங்க. அம்மாவும் தங்கச்சிங்களும் அதுலதான் சாப்பிட்டாங்க. வேற தொழில் எனக்குத் தெரியாம இருந்தது.”

ஃபவாஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பையன் மெலிந்துபோயிருந்தான். நன்றாகத் தேய்த்த சட்டைதான், ஆனால் காலர் நைந்திருந்தது. அவருக்குப் பாவமாக இருந்தது. தன் கையெழுத்து ஒன்று இவன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டதோ என்ற எண்ணம் சில நாளாகவே அவரை அரித்துக்கொண்டிருந்தது. தம்பியின் வாயில் பாட்டிலை வைத்தது இவனா? இவன் அப்போது அரைக்கால்சட்டை போட்டுத் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான்.

உள்கதவு ஓரத்தில் அவர் மனைவி நின்று முறைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பிவிடாதீர்கள் என்று அவளும் வாரம் முழுக்க நச்சரித்துவிட்டாள். இவளுக்கு எல்லாரிடமும் இரக்கம்தான் என்று நினைத்துக்கொண்டார். போகட்டும், ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டால் ஆயிற்று. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தந்தேன். குடிங்க,” என்றார்.

சலீபா பதறிப்போனார். “நாங்க இன்னும் கேக்கவே இல்லையே, அபூ நாயிஃப்.”

“என் வீடு தேடி வந்த பெரியவங்களை வாய்விட்டுக் கேக்க வைக்க மாட்டேன். எதுக்காக வந்தீங்களோ அது உங்களுக்குத்தான். பாதிரியார் சாட்சி. குடிங்க.”

ஐந்து கிண்ணங்களும் ஒரே நேரத்தில் மேலே போயின. ஜிரியெஸ் அவசரத்தில் காபியைச் சட்டையில் சிந்திக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து ஃபவாஸுக்கும் கலங்கியது. நல்ல காரியம் செய்தோம் என்று நிம்மதியாக இருந்தது.

“நாளைக்கே ஆபீசுக்குப் போய் ஆட்சேபணையை வாபஸ் வாங்கிடறேன்,” என்றார்.

“அதுக்கு அவசியமில்ல.” சலீபா மீசையைத் துடைத்துக்கொண்டார். “சாராயம் விக்கிறவனுக்கு நீங்க பொண்ணு தர மாட்டீங்கன்னு அவன் போன வாரமே உரிமம் வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டான். அந்த இடத்துல ரொட்டி அடுப்பு போடப் போறான். நாங்க உங்க ஹனீனைக் கேட்டுத்தான் வந்தோம்.”

‘பொண்ணுக்கு இது தெரியுமா’ என்று ஃபவாஸ் கேட்க வாயெடுப்பதற்குள், உள்ளேயிருந்து அவர் மனைவியின் குலவைச் சத்தமும் ஹனீனின் சிரிப்பும் சேர்ந்து கேட்டன.