ஏழாவது ஷரத்து

கான்ட்ராக்டர் மருதை பரம ஏழை, காகிதத்தில். லாரி, தோப்பு எல்லாம் மச்சான் பூவரசன் பேரில். தொழில் விவகாரம் எதுவும் பூவரசனுக்குத் தெரியாது. எந்தச் சொத்து எங்கே என்று மருதை கேட்டுக்கொள்வதும் இல்லை. நாளைக்கு எந்த அதிகாரி வந்தாலும் ‘எனக்குத் தெரியாதுங்க’ என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாமே!

இந்த ஏழைதான் ஸ்ரீரங்கத்தில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்தார். மூன்றே மாதத்தில், தெருவின் சாக்கடை மொத்தமும் விஜயராணி டீச்சரின் சமையலறைக்கு விருந்தாட வந்தது. டீச்சர் வழக்குப் போட்டார். அது முடியாமல் மருதைக்கு அடுத்த டெண்டர் கிடையாது.

உடைந்த குழாயை மாற்றினால் கட்டுப்படியாகாது. மருதை மேலே சிமென்ட் பூசினார், மூடிக்குப் பெயின்ட் அடித்தார், ‘பழுது நீக்கப்பட்டது’ என்று போட்டோ எடுத்து ஒரு பிரதி டீச்சருக்கும் அனுப்பினார். பிறகு ஆற்றுப் பாலம் தாண்டி டவுனுக்கு வந்து, கோர்ட்டில் சமரசத்துக்கு உட்கார்ந்தார்.

“எனக்குச் சொந்தமா ஒரு ஓலைக் குடிசைகூட இல்லீங்க டீச்சர். பார்த்து முடிச்சு விடுங்க.”

“நாற்பத்தோரு மனு எழுதிக் கையே ஓஞ்சு போச்சுங்க. குடுக்கிறதைக் குடுங்க.”

மருதை தன் வக்கீல் ஜேக்கப்பின் காதைக் கடித்தார். “ஏழாவது ஷரத்து போட்டாச்சா சார்? இந்தம்மா மட்டுமில்ல, நாளைக்கு அந்த வீட்டை வாங்குற எவனும் எம்மேல கேஸ் போடக்கூடாது.”

“போட்டாச்சுங்க. வாங்குறவன் மூக்கைப் பிடிச்சுக்கிட்டே குடியிருக்க வேண்டியதுதான்.”

டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏழாவது ஷரத்தை இரண்டு தடவை படித்தார். மருதை நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். டீச்சரோ பேனாவைத் திறந்து, முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

“நல்லா யோசிச்சு எழுதியிருக்கீங்க” என்று பாராட்டு வேறு!

படித்தவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா? மருதை வராந்தாவுக்கு வந்து மச்சானுக்குப் போன் போட்டார்.

“பூவரசா, ஒரு பெரிய தலைவலி தீர்ந்துச்சுடா!”

“நானும் நல்ல சேதி சொல்றேன் மாமா. போன வாரம் உங்க பணத்துல ஸ்ரீரங்கத்துல ஒரு வீடு கிரயம் பண்ணிட்டேன். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனா சாக்கடைப் பழுதெல்லாம் நீக்கியாச்சுன்னு போட்டோவே காட்டினாங்க.”

“யா... யாருடா காட்டினது?”

“விஜயராணின்னு ஒரு டீச்சர் மாமா, அவங்களே என்னைத் தேடி வந்து, ‘வித்தா மருதை மச்சானுக்குத்தான் விப்பேன்’னு ஒத்தக் கால்ல நின்னாங்க!”