பூட்டுப் போட்ட ஜெபக்குறிப்பு

"இந்த சாஃப்ட்வேர விக்கிறதுக்குள்ள நாப்பது கேள்விக்குப் பதில் சொல்லிட்டேன் ஐயா. பேங்க்ல கூட இவ்ளோ கேக்கல" என்றான் விற்க வந்த சரண்.

தேவாலயச் சபையின் செயலாளர் கிருபாகரன் அசரவில்லை. ஆவடி தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நட்டு வெளியே போனாலும் கையெழுத்து வாங்கியவர்.

"பேங்க்ல இருக்கிறது பணம் தம்பி. இங்க வரப்போறது ஜனங்களோட கண்ணீர். இவ்வளவு நாள் ஜெபக்குறிப்பைத் தகரப் பெட்டியில போடுவாங்க. பாஸ்டர் ஐயர் பெட்டி மேல கை வச்சு ஜெபிப்பார். இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்ல. வெளிய கசிஞ்சா கோடிக்கணக்குல அபராதம்னு புதுச் சட்டம் சொல்லுது. உங்க கம்பெனி ஆளுங்க இதைப் படிக்க முடியுமா?"

"முடியாது ஐயா."

"வேலை முடிஞ்சா அழிக்கலாமா?"

"ஒரே பட்டன்."

"அப்ப சரி. போன வாரம் ஒருத்தன் பாதி விலைக்குத் தரேன்னான். அழிக்க வராதுன்னான். அனுப்பிட்டேன்."

ஜெபக்குறிப்புச் சீட்டோடு காத்திருந்த தாயம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. மனுஷன் பூட்டுக்கே பூட்டுப் போடுவார் போலிருக்கே. கூடவே, வயிற்றில் பால் வார்த்த மாதிரியும் இருந்தது.

மகள் ஷர்மிளாவுக்கு வேலை போய் ஒரு மாதம். வருகிற ஞாயிறு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டாரும் இதே சபைதான். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. வேறு வேலை கிடைத்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தாயம்மாள் தினமும் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

சரண் போனதும் சீட்டை நீட்டினாள். "ஐயா, இது வெளிய..."

"என் வீட்டுக்காரம்மா கேட்டாக்கூட வாயத் திறக்க மாட்டேன் சிஸ்டர். ஆனா 'என் மகளுக்காக'ன்னு மொட்டையா எழுதியிருக்கீங்களே. பேரு, தெரு, விவரம் எல்லாம் வேணும். காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

அதான் பூட்டு இருக்கிறதே என்று தாயம்மாள் உட்கார்ந்து, மனதில் இருந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். முன்வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

கிருபாகரன் மைக்கைத் தட்டினார்.

"உங்க ஜெபக்குறிப்பு எல்லாம் இனி பத்திரம். சட்டப்படி பூட்டியாச்சு. வெளியாள் ஒருத்தனும் எட்டிப் பார்க்க முடியாது."

"ஸ்தோத்திரம்" என்றது சபை. தாயம்மாள் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"இவ்வளவு நாள் யாருக்கு என்ன பாரம்னே தெரியாம பெட்டியைத் தொட்டு ஜெபிச்சோம். இப்பதான் கம்ப்யூட்டர் அழகா அச்சடிச்சுக் கொடுக்குதே. பேர் பேரா வாசிக்கிறேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை விரித்தார்.

"முதல் குறிப்பு. சேக்காடு, மூணாவது தெரு, தாயம்மாள் சிஸ்டர் மகள் ஷர்மிளா. வேலை போய் ஒரு மாசம். புது வேலை கிடைக்கிற வரைக்கும் விஷயம் மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போகாம இருக்க, எல்லாரும் ஒருமனமா ஜெபிப்போம்."