வரைபடத்தில் இல்லாத கம்பு

கடப்பாரை மறுபடியும் கல்லில் மோதித் துள்ளியது.

கார்மேகம் இடத்தை மாற்றவில்லை. ஈசானிய மூலை என்றால் ஈசானிய மூலைதான்.

"கொஞ்சம் தள்ளிக் குத்துங்கண்ணே. எந்தச் சாமியும் கோவிச்சுக்காது" என்றான் உமாபதி.

கார்மேகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடித்தால் விடாத ஆள். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் அவனோடு ஒரே ரூமில் இருக்கும் உமாபதிக்கு அது தெரியாததல்ல.

ராஸ் அல் கைமாவின் வடகோடி. மலைகளுக்கு நடுவே, மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஆறு. அந்த வாரம் அதில் தண்ணீர் ஓடியது. ஆற்றங்கரையில் தங்கி மலையைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வரப்போகிறார்களாம். அவர்களுக்குக் கூடாரம் அடிக்கத்தான் இவர்களைச் சாமான்களோடு லாரியில் அள்ளிப்போட்டு அனுப்பியிருந்தது கம்பெனி. கடை கிடையாது, கரண்ட் கிடையாது. போன் பேச வேண்டுமென்றால் பக்கத்துக் குன்றின் உச்சிக்கு ஏற வேண்டும்.

வரைபடத்தில் அந்த மூலை வெறும் இடம். அங்கே எந்தக் கூடாரமும் வரப்போவதில்லை. சமையல் கூடாரத்தை அடிக்காமல் இந்த ஆள் ஏன் அங்கே குழி தோண்டுகிறான் என்று ஃபோர்மேன் அஸ்லம் பாய்க்கு விளங்கவே இல்லை.

உமாபதிதான் தனக்கு வந்த இந்தியில் எடுத்துச் சொன்னான். கார்மேகம் சிவகங்கைப் பக்கம் பந்தல்காரன். முகூர்த்தக்கால் நடாமல் எந்தப் பந்தலும் போடமாட்டான். கூடாரமும் ஒரு பந்தல்தானே! நல்ல நேரத்தில் கால் நட்டுவிட்டால் காற்றும் மழையும் அண்டாதாம்.

போன மாதம் பாலைவனத்தில் போட்ட கேம்ப்பைக் காற்று சுருட்டிக்கொண்டு போனதில் அஸ்லம் பாய் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அரை மனதாகத் தலையாட்டினார். கட்டில்கள் ஏற்றிய லாரி வரும்வரைதான். வந்துவிட்டால் கலாஸ், எல்லாரும் இறக்கப் போக வேண்டும்.

கார்மேகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வளைகுடாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அதில் ஊர் நேரம்தான் ஓடுகிறது. ரூமில் கேலி செய்தவர்களே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

நல்ல நேரம் முடியப்போகிறது. முதல் முறையாக அவனுக்குப் பயமாக இருந்தது.

கடப்பாரையை வீசிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தான். கல்லைக் கையாலேயே பிடுங்க ஆரம்பித்தான். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. கல் வந்த இடத்தில் தண்ணீர் ஊறியது. ஊறட்டும், நல்ல சகுனம்தான் என்று தன்னையே தேற்றிக்கொண்டான்.

விடிந்தும் விடியாத குளிரில் ஆற்றில் முங்கிக் குளித்திருந்தான். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெள்ளைக்காரன் படுத்துத் தூங்கும் கூடாரத்துக்கு இத்தனை விரதமா என்று உமாபதிக்குச் சிரிப்பாக வந்தது.

மாவிலைக்கு எங்கே போவது? கரையோரம் நின்ற இலந்தையில் ஒரு கொத்து ஒடித்துவந்தான். சமையல் பெட்டியிலிருந்த மஞ்சள் தூளைக் கரைத்துத் தன் துண்டை நனைத்தான். நவதானியத்துக்கு மளிகை மூட்டைகளைத் துழாவியதில் ஒன்பதில் நான்குதான் தேறியது. பாலுக்கு டீ போட வைத்திருந்த டின் பால்.

இலையையும் துண்டையும் கூடாரத்துக்கு வந்த மரக்கம்பு ஒன்றின் உச்சியில் கட்டினான். தானியத்தைக் குழியில் போட்டுப் பாலை ஊற்றினான்.

மலை வளைவில் லாரி ஹாரன் கேட்டது.

"வந்து பிடிடா" என்றான் கார்மேகம்.

உமாபதி சிரிப்பை நிறுத்திவிட்டு ஓடிவந்து பிடித்தான்.

கம்பு குழிக்குள் இறங்கியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிடுங்கிய கற்களையே சுற்றிலும் சொருகி, வெறுங்காலால் மிதித்தான் கார்மேகம். மிதித்துக்கொண்டே இருந்தான். அஸ்லம் பாய் வந்து கம்பை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"அச்சா. யல்லா, யல்லா" என்று எல்லாரையும் லாரிப் பக்கம் விரட்டினார்.

எல்லாரும் லாரியை நோக்கி ஓட, கார்மேகம் மட்டும் குன்றை நோக்கி ஓடினான். அஸ்லம் பாய் கத்தினார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சியில் மூச்சு வாங்க நின்று போனில் எண்ணை அழுத்தினான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"விஜி, அப்பா நட்டுட்டேம்மா. இனி மாமாவ நடச் சொல்லு."

மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது. கல்யாணத்துக்கு அவனுக்கு லீவு இல்லை என்றானதும், ஊருக்கெல்லாம் பந்தக்கால் நட்ட அப்பா நடாமல் என் வாசலில் யாரும் நடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றவள் அவள். அங்கே குழி வெட்டி வைத்துவிட்டு, சொந்தபந்தமெல்லாம் இந்தப் போனுக்காகத்தான் காத்திருந்தது.

பிறகு பெண்களின் குலவைச் சத்தம் போனுக்குள் எழுந்தது.

கார்மேகம் போனைக் காதிலிருந்து எடுத்து, கீழே ஆற்றங்கரையில் மஞ்சள் துணி கட்டி நின்ற கம்பை நோக்கி நீட்டிப் பிடித்தான்.