பதினைந்து விநாடி

மடியில் பட்டுக்கடைப் பையோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் கோகுல்ராஜுக்கு நெஞ்சு குளிர்ந்தது. காஞ்சிபுரத்துப் பெரிய கடை ஒன்று தன்னைத் தேடி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு மாடியில் இருக்கும் ஆபீசுக்கே வந்துவிட்டது.

அவனுடைய 'ஊர்த்துணை' ஆப் மூச்சிரைத்துக்கொண்டிருந்த நேரம் அது. பஸ் நேரம், கரண்ட் கட், நெல் விலை, அவசரத்துக்கு ஆட்டோ நம்பர் என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அதைத்தான் பார்த்தது. ஆனாலும் ஒரு வருஷ விளம்பரம் சிக்காவிட்டால் இந்த மாதத்தோடு இழுத்து மூட வேண்டியதுதான்.

"சந்தா வைக்கலாமே?" என்றான் வந்தவன். பெயர் கலைச்செல்வன், ஊர் மாகறல் என்று மட்டும் சொல்லியிருந்தான்.

"வச்சேன் சார். மாசம் பத்து ரூபாக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கவச்சு திட்டினாங்க. சரி, முடிஞ்சத குடுங்கன்னு நன்கொட கேட்டேன். எங்க மாமியார் மட்டும் குடுத்துட்டு, இன்னிக்கும் சொல்லிக் காட்டிக்கினு கீது. விளம்பரம்தான் சார் சோறு போடுது."

"பாக்காம தள்ளிட்டுப் போயிட்டா?"

"முடியாது. பதினஞ்சு செகண்டு முழுசா ஓடினாத்தான் உள்ள இருக்கறது தெரியும்."

"நெட் சரியா இல்லாத எடத்துல? எங்க ஆத்தங்கரைப் பக்கம் பேச மட்டுந்தான் சிக்னல் வரும்."

காசு போடுகிறவன் கேட்கிற கேள்விதான். கோகுல்ராஜ் சிரித்தான். "வட்டம் சுத்திக்கினே கெடக்கும். ஆனா விளம்பரம் ஓடாம ஒரு நம்பர்கூட வராது. உங்க காசு வீணாவாது சார்."

கலைச்செல்வன் தலையாட்டினான்.

"ஆட்டோ நம்பர் பக்கத்துக்குத்தான் ரேட்டு ஜாஸ்தி. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள உள்ளூர் ஆட்டோ போய்டும் பாருங்க. அவசரத்துல தேடறவன் எங்கயும் ஓட மாட்டான். பாத்தே ஆவணும்."

"அந்தப் பக்கத்தையும் நானே எடுத்துக்கறேன். ஆனா அங்க எதுவும் ஓடக்கூடாது. தொட்டதும் நம்பர் வரணும்."

"காலியா வுடறதுக்கா சார் காசு?"

"ஆமா. மத்த எல்லாப் பக்கத்துலயும் ஒரு வருஷத்துக்கு என்னுது மட்டும் ஓடணும். நடுவுல எடுக்கக் கூடாது."

பணக்காரக் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டான் கோகுல்ராஜ். எடுக்கிற பேச்சுக்கே இடமில்லை. போட்டிக்காரன் விளம்பரத்தைத் தூக்கச் சொல்லி வாலாஜாபாத் மில்காரர் ஒருவர் ரகளை செய்ததிலிருந்து, விளம்பரத்தின் பூட்டை அதைக் கொடுத்தவர் கையிலேயே விட்டுவிடுவது அவன் வழக்கம். கெடு முடியும்வரை அவன் நினைத்தாலும் தொட முடியாது.

பணம் ஏறிய சத்தம் கேட்டது. கலைச்செல்வன் பைக்குள் கையை விட்டு ஒரு போனை எடுத்தான். ரோஸ் கலரில் பூப்போட்ட உறை, ஓரத்தில் காய்ந்த சேறு. அதிலிருந்தே விளம்பரத்தை ஏற்றி, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினான்.

கோகுல்ராஜ் ஆசையாகத் தன் போனில் பஸ் நேரத்தைத் தொட்டான். வெள்ளைத் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பஸ் நேரம் வந்தது. நெல் விலையைத் தொட்டான். அங்கும் அதே வட்டம்.

"சார், உங்க விளம்பரம் ஏறல. வெறும் வட்டந்தான் சுத்துது."

"ஏறிடுச்சு. அதான் விளம்பரம்."

"இன்னா சார் பேஜாரு இது? ஆப் ரிப்பேருன்னு ஜனங்க அழிச்சிட்டுப் போய்டுவாங்களே."

"அழிக்கட்டும்."

"வேற எதுனா குடுங்க சார். வருஷம் பூரா இதையா ஓட்டறது?"

கலைச்செல்வன் பூப்போட்ட போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"ஆத்தங்கரையில பாம்பு கடிச்சப்ப, என் பொண்டாட்டி கடைசியா பாத்தது இதத்தான்."