பல்லடம் என்றால் பூட்டிக்கொள்ளும் கார்

மூன்றாவது முறையாக ஸ்டியரிங் பூட்டிக்கொண்டதால், மயில்சாமியின் காரை ரபீக்கின் பட்டறைக்கு இழுத்து வந்திருந்தார்கள். மனைவி சுகந்தியும் கூட வந்திருந்தாள்.

"எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தியும் பாத்தாச்சு தம்பி. ஆபீசுக்கு நல்லாத்தான் போகுது. பல்லடத்துல மாமியா ஊட்டுக்குக் கெளம்புனா மட்டும் பூட்டிக்குது," என்றார் மயில்சாமி.

ரபீக் சிரிப்பை அடக்கிக்கொண்டு பூட்டை எடுத்துவிட்டான். "கோளாறே இல்லீங்ணா. இந்த வண்டி உள்ளங்கையைப் படிக்கும். ஓட்டறவருக்குப் போக மனசில்லீன்னா, ஓட்ட விடாது."

மயில்சாமி தரையைப் பார்த்தார். சுகந்தி மயில்சாமியைப் பார்த்தாள்.

"எங்கம்மா உங்களுக்கு என்ன கொறை வெச்சாங்க? கறி ஆக்கி வெச்சுட்டு வாசலையே பாத்துட்டிருப்பாங்க. தள்ளுங்க, நான் ஓட்டறேன்."

அவள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். "பல்லடம், எங்கம்மா வீடு," என்றாள்.

'டக்'கென்று பூட்டிக்கொண்டது.

மயில்சாமி குனிந்து டயரைப் பார்க்கத் தொடங்கினார். கல்யாணமாகிப் பதினோரு வருடம் சும்மாவா?

சுகந்தி மெதுவாக இறங்கினாள். அம்மாவின் எண்ணை அழுத்தி, போனை ரபீக்கிடம் நீட்டினாள்.

"வண்டி ரிப்பேருன்னு நீங்களே சொல்லிருங்க தம்பி. நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க."