அழுத்தும்போது மட்டும் வருபவன்

இரத்ததான முகாம் ஒன்றின் இணையப் பக்கத்தில் "பதிவு செய்" என்று எழுதிய பச்சைப் பொத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை அமைத்த உமையாள் அதை இலவச மென்பொருளில் வரைந்து, மேல்பாதியில் மெல்ல வெள்ளை பூசிப் பளபளப்பாக்கியிருந்தாள். அந்தப் பளபளப்பில் அதற்கு ஏகப் பெருமை.

ஆனால் அழுத்தினால் அது துளியும் அசையாது. வேலை செய்யவில்லையோ என்று ஆட்கள் திரும்பத் திரும்ப அழுத்தினார்கள். ஒரே பெயர் ஐந்து முறை பதிவானது.

"பேசாம இந்தப் பொத்தானைத் தூக்கிட வேண்டியதுதான்" என்றாள் உமையாள். பொத்தானுக்கு உயிரே போய்விட்டது.

கடைசி முயற்சியாக அவள் அதைப் பிரதி எடுத்தாள். பிரதியில் பளபளப்பைக் கீழ்ப்பாதிக்கு மாற்றி, எழுத்தை நூலளவு கீழே இறக்கி, அழுத்தும்போது மட்டும் அந்தப் பிரதி தோன்றும்படி வைத்தாள்.

"என்னடா தம்பி, தலைகீழா நிக்கிறே?" என்று சிரித்தது மூத்த பொத்தான்.

"என்னைத் தப்பா வரைஞ்சிட்டாங்க போல, அண்ணே" என்று கூசியது இளையது.

அப்போது ஒருவர் பெயரை நிரப்பி அழுத்தினார். இளையது கண்ணிமைக்கும் நேரம் முன்னால் வந்து மறைந்தது. பொத்தான் உள்ளே அமுங்கி எழுந்தது போலிருந்தது.

"ஆங், பதிவாயிடுச்சு" என்று அவர் கையை எடுத்துவிட்டார்.

மூத்தது அடுத்த அழுத்தலுக்காகக் காத்திருந்தது. வரவில்லை. பட்டியலில் அவர் பெயர் ஒரே முறை இருப்பதைப் பார்த்த உமையாள், "ரெண்டும் இருக்கட்டும்" என்றாள்.

மூத்தது சொன்னது, "உன்னாலதான் பிழைச்சேன்டா தம்பி."

"அவர் என்னைப் பார்த்தாராண்ணே?"

"பார்க்கலைடா. ஆனா நம்பிட்டார்."