சர்வரைக் காட்டு

இரண்டாவது விரல் உடைந்தபோது பிரவீன் கத்தவில்லை. முதல் விரலுக்கே கத்தித் தீர்த்திருந்தான்.

"சர்வர் எங்கடா?" என்றார் சிவசங்கரன்.

சித்தூரைத் தாண்டி ஹைவே ஓரம் இருக்கும் அவருடைய மாங்கூழ் ஃபேக்டரியின் எடைமேடை அறை அது. பிரவீனின் வலது கையை மேஜைமேல் விரித்து ஓர் ஆள் அழுத்திப் பிடித்திருந்தான். கடப்பாரை இன்னோர் அடியாள் லோகேஸ்வரனிடம் இருந்தது. வெளியே தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டைத் தாண்டி ரோடு வரை நின்றன.

சுவரில் சிவசங்கரன் கைகூப்பிச் சிரிக்கும் ஃப்ளெக்ஸ். 'மாங்கனி வள்ளல்' என்று பட்டம். கொடுத்தது அவரே தலைவராக இருக்கும் சங்கம்.

வள்ளல் ஒவ்வொரு டன்னிலும் தனக்கே கொஞ்சம் வழங்கிக்கொள்வார். மேடை சரியான எடையைத்தான் காட்டும். பொத்தானைத் தட்டினால் சீட்டில் குறைந்து அச்சாகும்.

பாலசமுத்திரத்துப் பிரவீன் பெங்களூரில் வேலை போய் வீட்டில் கிடந்தபோது ஒரு வெப்சைட் செய்து க்ளவுடில் ஏற்றிவிட்டான். பழம் போட்டவர் டிராக்டர் நம்பரை அடித்தால் உண்மையான எடை வரும். கையிலிருக்கும் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து வயிறெரியலாம். அவ்வளவுதான். அதற்கே 'விவசாயப் புரட்சியின் முதல் நாள்' என்று வாட்சப்பில் போட்டிருந்தான்.

இப்போது புரட்சியின் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிச் சட்டைப் பையை நிரப்பிக்கொண்டிருந்தது.

"சர்வர்னு ஒண்ணு இல்ல சார். க்ளவுட்ல கீது. யாராச்சும் நம்பர் கேட்டா எழுந்துக்கும். பதில் சொல்லிட்டு அடங்கிடும். அதுக்குன்னு ஒரு பொட்டி கெடையாது."

"எழுந்துக்குமா? இன்னாடா, பேயா?"

லோகேஸ்வரன் சிரித்துவிட்டான். முதலாளி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், பரிகாரமாகப் பிரவீனின் விலாவில் ஓர் உதை விட்டான்.

உடைக்க முடியாத எதிரி சிவசங்கரனுக்குப் புதிது. போட்டி மண்டிக்காரனின் ஷட்டரை உடைத்திருக்கிறார். கணக்குக் கேட்ட ஒருவனின் முழங்காலை உடைத்திருக்கிறார். தன் பெயரைச் சின்ன எழுத்தில் வெட்டிய கல்யாண மண்டபக் கல்வெட்டையும் உடைத்திருக்கிறார். மேகத்தை எந்தப் பக்கமிருந்து அடிப்பது?

"தண்ணி."

எடை போடும் தாட்சாயணி சொம்போடு மூலையில் நின்றிருந்தாள். சீட்டு அடிப்பது அவள் வேலை. ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தாள். சிவசங்கரன் குடித்துவிட்டு, மிச்சத்தைப் பிரவீனின் முகத்தில் வீசினார்.

கடப்பாரை மூன்றாவது விரல்மேல் வந்து உட்கார்ந்தது.

"எங்கம்மா மேல ஆணையா இல்ல சார்."

இறங்கியது. முறுக்கைக் கடித்தது போல ஒரு சத்தம்.

அப்போது சிவசங்கரன் யோசித்தார். அடிக்கடி நேருகிற விஷயமல்ல என்பதால் அறையே அமைதியானது.

"செரிடா. பொட்டி இல்ல. அப்போ இந்த ரூம்ல வர்ற நெம்பர எவன் அதுக்கு..."

"இதான் சார்!"

பிரவீன் உடையாத இடது கையை நீட்டினான். மேஜைமேல் சிவப்பு எண்கள் எரியும் எடைப்பெட்டி. பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கும் வைஃபை பெட்டி.

"இதான் சர்வர். இதுலேர்ந்து தானா போவுது. வுட்ருங்க சார், வலி தாங்கல."

மூன்று விரல் வரை தாங்கியவன் நான்காவதுக்கு மடங்கிவிட்டான். லோகேஸ்வரனுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

சிவசங்கரன் தாட்சாயணியைப் பார்த்தார். "நெஜமாம்மா? இதானா?"

அவள் எடைப்பெட்டியைப் பார்த்தாள். "ஆமா சார். இதான்."

திருடும் வேலையை மிஷினிடம் ஒப்படைத்தவர் அவர். காட்டிக்கொடுத்ததும் மிஷினாகத்தான் இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

கடப்பாரையைத் தானே வாங்கிக்கொண்டார். சரித்திரத்தில் இடம்பெறும் காரியங்களை அவர் ஆட்களிடம் விடுவதில்லை.

முதல் அடியில் சிவப்பு எண்கள் செத்தன. அடுத்ததில் வைஃபை பெட்டி இரண்டாகி வயரோடு தொங்கியது. பிறகு கம்ப்யூட்டர், சீட்டு அடிக்கும் பிரிண்டர், ஜன்னல் கண்ணாடி. ஓங்கிய வேகத்தில் கடப்பாரையின் முனை பின்னால் இருந்த ஃப்ளெக்ஸைக் கிழித்தது. வள்ளலின் மூக்கு தொங்கியது. அவர் கவனிக்கவில்லை.

மூச்சு வாங்க போனை எடுத்து அந்த வெப்சைட்டைத் திறந்தார். ஃபேக்டரிக்குள் வந்தால் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் வாழ்பவர். வட்டம் சுற்றியது. சுற்றியது. இன்டர்நெட் இல்லை என்று வந்தது.

"சச்சிந்திரா! செத்துச்சு பாருடா!" என்று தெலுங்கு, தமிழ் இரண்டு பாஷையிலும் அறிவித்தார்.

வெளியே ஹாரன்கள் கிளம்பின. இனி இங்கே எடை போட முடியாது என்ற செய்தி வரிசையின் கடைசி வரை போய்விட்டது. முதல் டிராக்டர் பின்வாங்கித் திரும்பியது. பின்னாலேயே இன்னொன்று. "டேய், எங்கடா போறீங்க?" என்று கடப்பாரையோடு சிவசங்கரன் வெளியே ஓடினார். ஆட்கள் அவர் பின்னால் ஓடினார்கள்.

அறையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

தாட்சாயணி கண்ணாடித் தூள்மேல் மண்டியிட்டாள். துப்பட்டாவைக் கிழித்து அவன் விரல்களைச் சேர்த்துக் கட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

பிறகு அவள் சாப்பாட்டுப் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில் கையை விட்டு, தன் போனை எடுத்தாள்.

"காலைல வந்த வண்டிங்க எடையெல்லாம் ஏத்திட்டேண்ணா" என்றாள். "மீதி வண்டிங்களுக்கு, மேடை ஒடஞ்சிச்சுன்னு போட்டுடட்டா?"